ஐந்து பேருக்குத் தெரிந்த கடல்

மன்னார்ப் பட்டினத்தில் கரையோரக் காட்சி மேம்பாட்டுச் சபை என்று ஒரு கந்தோர் இருந்தது. அப்படியொன்று இருப்பது ஊரில் பலருக்குத் தெரியாது. அது என்ன செய்கிறது என்பது அங்கே வேலை செய்த பதினான்கு பேருக்குமே சரியாகத் தெரியாதிருந்தபடியால் ஊரைக் குறை சொல்வதற்கில்லை.

பதினான்காவது ஆள் டிலோஜினி. அடம்பன் ஊர்ப் பிள்ளை. பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படித்து, ஒளியியலில் நல்ல புள்ளி எடுத்து, பிறகு நாலரை வருடம் வேலைக்காக வீட்டில் காத்திருந்தவள். நியமனக் கடிதம் வந்தபோது தகப்பன் அதை லமினேற் பண்ணி அலுமாரிக்குள் வைத்தார். வேலைக்கு வந்த முதல் எட்டு மாதமும் அவள் செய்தது, கந்தோருக்கு வருகிற கடிதங்களுக்கு இலக்கம் போடுவது. நிரந்தரமாக இன்னும் நாலு மாதம் கிடந்தது. அதற்குப் பணிப்பாளர் அமிர்தநாயகம் ஒரு கையெழுத்து வைக்கவேண்டும். காலையில் பஸ் ஏறும்போதும் பின்னேரம் இறங்கும்போதும் அந்தக் கையெழுத்துத்தான் அவளுடைய மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

அப்படியிருக்கையில்தான் திரை வந்தது.

சபை தென்கரையில் ஒரு நோக்கு மேடை கட்டப்போகிறது. வெளியூர் ஆட்கள் ஏறி நின்று கடலைப் பார்ப்பதற்கான மேடை. கரையில் எதைக் கட்டினாலும், அங்கே இருக்கிற சனங்கள் திட்டத்தைக் கண்ணால் பார்த்து விளங்கிக்கொண்டு சம்மதம் தரவேண்டும் என்று ஒரு விதி இருந்தது. வழக்கமாக ஒரு வரைபடத்தைச் சுவரில் ஒட்டுவார்கள். இந்தமுறை கொழும்பிலிருந்து லொறியில் ஆள் உயரத் திரை ஒன்று வந்து இறங்கியது. கண்ணாடி போடாமல் வெறுங்கண்ணாலேயே முப்பரிமாணத்தில் பார்க்கக்கூடிய திரை.

பெட்டி உடைக்க முன்னரே பணிப்பாளர் எல்லாரையும் மண்டபத்துக்குக் கூப்பிட்டுப் பேசினார்.

"இவ்வளவு காலமும் எங்கட சனம் திட்டங்களை மேலோட்டமாகப் பார்த்தது. அதனாலதான் கேள்வி கேட்டது. ஆழமாகப் பார்க்கிற சனம் கேள்வி கேளாது. இனி ஆழமாகப் பார்க்கிறதுக்கு அவையள் கஷ்டப்படத் தேவையில்லை. ஆழத்தைத் திரையே பார்த்துக்கொள்ளும்."

எல்லாரும் கைதட்டினார்கள். டிலோஜினியும் தட்டினாள்.

திரையோடு வந்த பொறியியலாளர் முன்பக்கத்தில் ஒரு வில்லைத் தகட்டைப் பொருத்திவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு திரும்பிப் போய்விட்டார். அவர் போனபிறகு திரையைப் போட்டால், வானவில்லைக் கிழித்துத் தொங்கவிட்ட மாதிரி வரி வரியாகத் தெரிந்தது. தொலைபேசியில் கேட்டதற்கு, தகடு கொஞ்சம் சரிந்திருக்கும், உங்களிடம் பௌதிகவியல் தெரிந்த ஆள் யாராவது இருந்தால் சரிப்படுத்தலாம் என்றார். அப்படி ஒருவரும் இல்லையென்று பணிப்பாளர் சொல்ல வாயெடுத்தபோது, எழுதுவினைஞர் நிஸ்லாதான், "சேர், எங்கட டிலோ படிச்சது அதுதானே" என்றாள்.

உப்புக்குளத்துப் பிள்ளையான நிஸ்லாவுக்கும் டிலோஜினிக்கும் ஒரே மேசை. அன்று பின்னேரம் அந்தத் தகட்டைப் பார்த்து, "இது வெறும் பிளாஸ்டிக் சீற் மாதிரிக் கிடக்கு. இதுக்குள்ள என்ன இருக்கு?" என்று கேட்டாள்.

"விரலால தடவிப் பாரும்."

"நெளி நெளியாக் கிடக்கு."

"அது ஒவ்வொண்டும் ஒரு வில்லை, லென்ஸ். மேலயிருந்து கீழ வரைக்கும் நீளமா, மயிர் அகலத்தில. இப்ப விரலை மூக்குக்கு நேர பிடிச்சு முதல் ஒரு கண்ணை மூடும், பிறகு மற்றக் கண்ணை மூடும்."

நிஸ்லா செய்தாள். "விரல் அங்கயும் இங்கயும் போகுது."

"ரெண்டு கண்ணுக்கும் ரெண்டு படம். மூளை ரெண்டையும் சேர்த்துத்தான் ஆழம் எண்டு காட்டுது. கண்ணாடி போட்டுப் பார்க்கிற படத்தில அந்தக் கண்ணாடி பிரிச்சுக் குடுக்கும். இதில இந்த வில்லையள் பிரிக்கும். திரையில எட்டுப் படத்தைக் கீலம் கீலமா வெட்டி அடுக்கி வச்சிருக்கு. வில்லை ஒவ்வொரு கீலத்தையும் ஒவ்வொரு பக்கத்துக்கு அனுப்பும். சரியான இடத்தில நிண்டால் இடக்கண்ணுக்கு ஒரு படமும் வலக்கண்ணுக்கு அடுத்த படமும் போகும்."

"பிழையான இடத்தில நிண்டால்?"

"ஒண்டில் கலங்கித் தெரியும். இல்லாட்டில் கண் ரெண்டுக்கும் படம் மாறிப் போகும். அப்ப பள்ளம் மேடாகும், மேடு பள்ளமாகும்."

"எங்கட கந்தோருக்கு ஏற்ற சாமான்தான்" என்றாள் நிஸ்லா.

தகட்டைச் சரிப்படுத்த மூன்று நாள் பிடித்தது. ஒரு மயிரளவு நகர்த்துவாள், மூன்று மீற்றர் பின்னால் போய் நின்று பார்ப்பாள், திரும்ப வந்து இன்னொரு மயிரளவு நகர்த்துவாள். மூன்றாம் நாள் பதினொரு மணியளவில், பின்னால் போய் நின்று நிமிர்ந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். தென்கரை அவளுக்கு முன்னால் கிடந்தது. மணல் திரையைவிட்டு வெளியே வந்து காலடிவரை நீண்டிருந்தது. அதற்கப்பால் கடல், சுவரையும் தாண்டி உள்ளே போனது. மேடையின் தூண் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. அவள் கையை நீட்டினாள். கைக்குக் காற்றுத்தான் அகப்பட்டது. ஐந்து வருடத்துக்குப் பிறகு, படித்த படிப்பு ஒரு வேலை செய்கிறதைக் கண்டு அவள் இன்னொருதரம் கையை நீட்டினாள்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஒன்றைக் கவனித்தாள். தென்கரையில் பெண்கள் கருவாடு போடுகிற வாடி படத்தில் இல்லை. வரிசையாக நிற்கிற பரண்கள், உப்புத் தொட்டிகள், ஓலைக் கொட்டில்கள் ஒன்றுமில்லை. அந்த இடத்தில் வெறும் மணல் மினுங்கியது. மணலின் நடுவில் மேடை நின்றது.

"சேர், படத்தில வாடியைக் காணேல்லை."

பணிப்பாளர் யோசித்துவிட்டுச் சொன்னார். "அது பின்னணி, மிஸ். பின்னணி பிறகு வரும்."

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. ஆனால் தன் வேலையைப் பற்றி ஒரு பக்க அறிக்கை எழுதிக் கொடுத்தாள். இந்தத் தகடு மூன்று மீற்றர் தூரத்துக்கென்று வடிவமைக்கப்பட்டது. அந்தத் தூரத்தில் பக்கம் பக்கமாக ஐந்து தலைகள் நிற்கிற இடத்தில் மட்டும் படம் சரியாகத் தெரியும். மண்டபத்தில் போடப்போகிற நூற்றிருபது கதிரைகளில் மற்றவற்றில் இருப்பவர்களுக்குக் கலங்கலாகவோ தலைகீழ் ஆழமாகவோதான் தெரியும். ஆகையால் சனங்களை ஐந்து ஐந்து பேராகக் கூப்பிட்டு இரண்டு இரண்டு நிமிடம் காட்டினால் ஒரு மணித்தியாலத்துக்குள் எல்லாரும் பார்த்துவிடலாம்.

பணிப்பாளர் அறிக்கையை இரண்டு தரம் வாசித்தார்.

"சனம் எழும்பி நடக்கவோ? இது பகிரங்க விசாரணை, மிஸ். மண்ணெண்ணெய் லைன் இல்லை. ஆனால் அந்த அஞ்சு இடம் எதெண்டு நிலத்தில குறிச்சு விடுங்கோ."

அவள் பச்சை ஒட்டுநாடாவால் நிலத்தில் ஐந்து சிலுவை போட்டாள். அந்த ஐந்து சிலுவைகளும் அடுத்த மூன்று வாரத்துக்குக் கந்தோரின் முழுநேர வேலையாயின. நடுச் சிலுவை பணிப்பாளருக்கு. வலப்பக்கத்தது பிரதிப் பணிப்பாளருக்கு. இடப்பக்கத்தது வரப்போகிற விருந்தினருக்கு. நான்காவதற்குக் கணக்காளரும் நிர்வாக உத்தியோகத்தரும் சேவை மூப்புப் பட்டியலைக் கொண்டுவந்து வாதாடினார்கள். சண்டை முற்றி, அந்த இடத்தில் எவரும் நிற்கக்கூடாதென்று ஒரு பூச்சாடி வைக்கப்பட்டது. ஐந்தாவது, படப்பிடிப்பாளருக்கு. கமராவுக்கு ஒரே கண், அதால் ஆழத்தைப் பிடிக்க முடியாது என்று டிலோஜினி சொல்லிப் பார்த்தாள். விசாரணையின் ஆழம் பத்திரிகையில் வரவேண்டும் என்றார் பணிப்பாளர்.

முதல் விசாரணைக்குத் தென்கரையிலிருந்து நாற்பத்தொரு பெண்களும் ஏறக்குறைய அதேயளவு ஆண்களும் வந்தார்கள். பெண்கள் முன் இரண்டு வரிசையில். அவர்களுக்குப் பின்னால், மூன்று மீற்றரில், சபையினர், சிலுவைகளில். அதற்குப் பின்னால் ஆண்கள். திரை போடப்பட்டது. பணிப்பாளர் பெருமூச்சு விட்டு, "என்ன ஆழம்" என்றார். பூச்சாடியின் இலைகள் மின்விசிறியில் ஆடின.

பெண்களில் மூத்தவர் அருளம்மா. ஐம்பது வயதிருக்கும். வாடிப் பெண்களின் சங்கத்துக்குத் தலைவி. அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். தலையைச் சரித்துப் பார்த்தார். பிறகு எழும்பி, ஓரத்தில் தொலையியக்கியோடு நின்ற டிலோஜினியிடம் நேரே வந்தார்.

"பிள்ளை, எனக்கு உந்தப் படத்தில ஒண்டும் தெரியேல்லை. புகை மாதிரிக் கிடக்கு. எங்கட வாடி எந்தப் பக்கம் எண்டு பார்க்கத்தான் வந்தனாங்கள். மற்றவைக்கெல்லாம் தெரியுது போல. என்ர கண்ணில ஏதும் குறையோ?"

குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார். ஆனாலும் பணிப்பாளருக்குக் கேட்டது. அவர் திரும்பிப் பார்த்தார். முகத்தில் கோபமில்லை, ஒரு சின்னச் சிரிப்புத்தான் இருந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்த நொடியில் டிலோஜினிக்குத் தன் கோப்பும், அதில் வெறுமையாகக் கிடந்த கையெழுத்துக் கோடும் கண்ணுக்கு முன்னால் வந்தன.

"ஓம் அக்கா," என்றாள். "சிலபேருக்குக் கண் அப்பிடி இருக்கும். அவைக்குத் தெரியாது."

அருளம்மா தலையாட்டினார். வெட்கப்பட்டவர்போல் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் இருந்தார். பக்கத்தில் இருந்த பெண்கள் கேட்டபோது என்னவோ சொன்னார். சம்மதப் படிவம் வந்தது. "திட்டத்தை அதன் முழு ஆழத்தில் வெறுங்கண்ணால் பார்த்து விளங்கிக்கொண்டேன்" என்று அதில் எழுதியிருந்தது. முதலில் அருளம்மா கையெழுத்து வைத்தார். அவரைப் பார்த்து மற்ற நாற்பது பேரும் வைத்தார்கள். கடைசிப் பக்கத்தில், மண்டபத்தில் இருந்த அனைவருக்கும் காட்சி சரியாகத் தெரிந்தது என்ற தொழில்நுட்பச் சான்றிதழ் இருந்தது. அதில் டிலோஜினி கையெழுத்து வைத்தாள்.

அன்றைக்குப் பஸ்ஸில் யன்னலோரத்தில் இடம் கிடைத்தும் அவள் வெளியே பார்க்கவில்லை. சிலபேருக்குக் கண் அப்பிடி இருக்கும். எவ்வளவு சுலபமாக வாயில் வந்தது. வீட்டில் தாய் சோறு போட்டுவைத்து, "இண்டைக்கு உன்ர மெசின் வேலை செய்ததோ?" என்று கேட்டார். "ஓம்" என்றாள்.

இதற்குள் கொழும்பிலிருந்து அமைச்சின் செயலாளர் இறுதி விசாரணைக்கு வருகிறார் என்று செய்தி வந்தது. பார்ப்பவரின் இரு கண்களுக்கும் இடைப்பட்ட தூரத்தைக் கொடுத்தால் படத்தின் ஆழத்தை அவருக்கென்றே திருத்தலாம் என்று திரையின் கைநூலில் ஒரு வரி இருந்தது. அதை டிலோஜினி வாய்தவறி நிஸ்லாவிடம் சொல்ல, அது பணிப்பாளரின் காதுக்குப் போய்விட்டது. செயலாளர் அவர்களின் இரு கண்களுக்கும் இடைப்பட்ட தூரத்தை மில்லிமீற்றரில் அறியத்தரவும் என்று கடிதம் போனது.

இரண்டு கிழமையில் பதில் வந்தது. செயலாளர்கள் மாற்றலாகிப் போகக்கூடியவர்கள். ஆகையால் கோரப்படும் தூரம் ஆளுக்குரியதாக அல்லாமல் பதவிக்குரியதாக இருக்கவேண்டும். அதற்கென மூவர் கொண்ட குழு நியமிக்கப்பட்டுள்ளது. குழுவின் அறிக்கை வரும்வரை கண்களை இப்போதைய தூரத்திலேயே வைத்திருக்க செயலாளர் இணங்கியுள்ளார்.

அதே உறையில் ஒரு சுற்றறிக்கையும் இருந்தது. மேற்படி திரை கண்ணாடி தேவையற்ற தொழில்நுட்பம் என்பதால், அது இயங்கும் மண்டபத்தினுள் கண்ணாடி அணிவது அத்தொழில்நுட்பத்தின் மீதான நம்பிக்கையீனமாகக் கருதப்படும்.

"இது பார்வைக் கண்ணாடியைச் சொல்லேல்லை, சேர்" என்றாள் டிலோஜினி. "படத்துக்கெண்டு போடுற விசேஷக் கண்ணாடி தேவையில்லை எண்டுதான் கருத்து. கண் பார்வைக்குப் போடுறவை போட்டால்தான் தெரியும்."

பணிப்பாளர் தடித்த கண்ணாடி போடுகிறவர். அதைக் கழற்றினால் எதிரில் நிற்பவர் ஆணா பெண்ணா என்றே அவருக்குத் தெரியாது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மிஸ், சுற்றறிக்கையில விசேஷம், சாதாரணம் எண்டு பிரிவு இல்லை. கண்ணாடி எண்டுதான் இருக்கு. எனக்குக் கஷ்டம்தான். ஆனால் ஒரு அதிகாரி சட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றாட்டில் சனம் எப்பிடிப் பின்பற்றும்?"

வாசலில் ஒரு மேசை போட்டு, அதில் பிரம்புக் கூடை வைக்கப்பட்டது. கூடைக்குப் பொறுப்பாக நிஸ்லா நியமிக்கப்பட்டாள். ஒவ்வொரு கண்ணாடிக்கும் ஒரு துண்டு கொடுக்கவேண்டும்.

செயலாளர் வந்த அன்று கழுத்துக்கு மாலை போட்டார்கள், மங்கள விளக்கு ஏற்றினார்கள். செயலாளரும் கண்ணாடி போடுகிறவர்தான். அவரும் கூடையில் போட்டார். பணிப்பாளரும் போட்டார். இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு சிலுவைகளைத் தேடி நடந்தார்கள். செயலாளர் பூச்சாடியோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டுத் தன் இடத்துக்கு வந்து சேர்ந்தார்.

கடைசியாக அருளம்மா வந்தார். மூக்கில் புதுக் கண்ணாடி. கறுப்புச் சட்டம், முகத்துக்குப் பெரிது. வாசலில் நிஸ்லா கழற்றச் சொன்னாள். அருளம்மா மறுத்தார். சத்தம் கேட்டுப் பணிப்பாளர் உள்ளேயிருந்தபடியே, "ஆர் அது, விசாரணையைக் குழப்பிறது?" என்றார்.

அருளம்மா மண்டபத்தின் நடுவுக்கு வந்தார்.

"நான் குழப்ப வரேல்லை ஐயா. எனக்குக் கண்ணில குறை. போன முறை அந்தப் பிள்ளைதான் சொன்னது. படிச்ச பிள்ளை, பொய் சொல்லாது. அடுத்த நாளே முருங்கன் ஆஸ்பத்திரிக்குப் போனனான். காலமை பஸ்ஸில போய்ப் பின்னேரம் வரைக்கும் இருந்தனான். டொக்டர் பார்த்திட்டு ரெண்டு கண்ணும் நல்லாத்தான் இருக்கு எண்டவர். அவருக்கு உந்தப் படத்தைப் பற்றித் தெரியாதுதானே. அதுதான் பஸ் ஸ்ராண்டில இதை வாங்கிப் போட்டனான். போட்டால் தலை சுத்துது. எண்டாலும் இண்டைக்குப் பார்க்கவேணும் எண்டு வந்தனான். எங்கட வாடி அந்தப் படத்தில எங்க நிக்குது? எனக்குத் தெரியாட்டிலும் பரவாயில்லை, தெரியிற ஒராள் சொல்லுங்கோ."

பணிப்பாளர் ஓரத்தில் தெரிந்த ஒரு நிழலைப் பார்த்து, "மிஸ், விளங்கப்படுத்துங்கோ" என்றார். அவர் பார்த்தது மடித்து வைத்திருந்த பதாகையை. டிலோஜினி மறுபக்கத்தில் நின்றாள்.

அருளம்மா அவளைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பெரிய கண்ணாடிக்குள் கண் இரண்டும் சுருங்கி, தண்ணீர் கட்டியிருந்தது. பிழையான கண்ணாடி போட்ட கண்.

"அக்கா, அதைக் கழட்டுங்கோ," என்றாள். "உங்கட கண்ணில ஒரு குறையும் இல்லை. அண்டைக்கும் இருக்கேல்லை. அது எனக்குத் தெரியும்."

பிறகு நிறுத்த முடியவில்லை. இந்தத் திரை ஐந்து தலைகளுக்கு மட்டும் வடிவமைத்தது என்றாள். அந்த ஐந்து இடத்தில் ஒன்றில் பூச்சாடி நிற்கிறது, ஒன்றில் கமரா நிற்கிறது, மிச்ச மூன்றில் இருவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிற்கிறார்கள் என்றாள். படத்தில் வாடியே இல்லை, வெறும் மணல்தான் போட்டிருக்கிறது, அது சனத்துக்குத் தெரியாததால் எவரும் கேட்கவில்லை என்றாள். சான்றிதழில் தான் வைத்த கையெழுத்துப் பொய் என்றும் சொன்னாள்.

சொல்லி முடித்தாள். இனி ஏசுவார்கள், வெளியே போகச் சொல்வார்கள் என்று நின்றாள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. செயலாளர் மெதுவாக ஓரடி முன்னால் வந்து, தனக்கு நேரே தெரிந்த வெளிச்சத்தைப் பார்த்துப் பேசினார்.

"மிக நல்ல விளக்கம். இந்த உத்தியோகத்தரைப் பாராட்டுகிறேன். பழைய வரைபடத்தில் எல்லாருக்கும் ஒரே காட்சிதான் தெரிந்தது. அது சர்வாதிகாரம். இங்கே ஒருவருக்கு மேடு தெரிகிறது, ஒருவருக்குப் பள்ளம் தெரிகிறது, பலருக்கு ஒன்றும் தெரியவில்லை. இதுதான் பன்முகத்தன்மை. ஒன்றும் தெரியாதவர்களும் கையெழுத்து வைத்திருக்கிறார்கள் என்றால், அந்த நம்பிக்கையை நாங்கள் காப்பாற்றவேண்டும். திட்டத்தைத் தாமதிப்பது அவர்களுக்குச் செய்கிற துரோகம். எவராவது சம்மதத்தை மீளப்பெற விரும்பினால் தாராளமாகப் பெறலாம். தான் பார்க்கவில்லை என்பதை நேரில் பார்த்த இரண்டு சாட்சிகளோடு வரவேண்டும்."

சபையினர் கைதட்டினார்கள். கூட்டக் குறிப்பில், தொழில்நுட்ப உத்தியோகத்தர் திரையின் பல்பார்வைத் தன்மையை விளக்கினார், மக்கள் ஆரவாரித்து வரவேற்றனர் என்று எழுதப்பட்டது. பிறகு தேநீர் கொடுத்தார்கள். பணிப்பாளர் தன் கண்ணாடி என்று நினைத்துச் செயலாளரின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனார். இரண்டு நாள் கழித்துத்தான் மாறியது தெரியவந்தது.

டிலோஜினி மண்டபத்துக்கு வெளியே ஓடிப்போய் அருளம்மாவைப் பிடித்தாள். அவர் மதிலோரத்தில் நின்றார். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"அக்கா, எனக்கு மன்னிப்புத் தாங்கோ."

"எனக்கு என்ன பிள்ளை," என்றார் அருளம்மா. "ஒரு நாள் ஆஸ்பத்திரியில இருந்தன், அவ்வளவுதான். ஆனால் அண்டைக்கு நான் இவளவைக்கு என்ன சொன்னனான் தெரியுமோ? எங்கட கண்தானாம் பிழை, மற்றவைக்குத் தெரியுதாம், வைப்பம் எண்டு சொன்னனான். என்னை நம்பித்தான் நாற்பது பேரும் வைச்சவளவை. இனி நான் பூசைக்குப் போய் எந்த முகத்தோட அவளவைக்குப் பக்கத்தில முழந்தாள் போடுறது?"

தன் வெட்கம் தன்னோடு நின்றுவிடவில்லை என்பது அப்போதுதான் டிலோஜினிக்கு உறைத்தது. அது கைமாறி, ஒரு பிழையும் செய்யாத ஆளிடம் போய்ச் சேர்ந்திருந்தது.

"நான் வாறன் அக்கா. ஒவ்வொரு வீடா வந்து நானே சொல்லுறன்."

அடம்பன் பஸ்ஸை விட்டுவிட்டு அவள் அருளம்மாவோடு தென்கரைக்குப் போனாள். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. முதல் வீட்டில், "உங்கட கண்ணில குறை இல்லை, நான் தெரிஞ்சுகொண்டு பொய் சொன்னனான்" என்று சொன்னாள். ஏச்சு விழுமென்று தலையைக் குனிந்துகொண்டு நின்றவளுக்கு ஒரு கதிரை கிடைத்தது. "இருங்கோ மிஸ். நடந்தோ வந்தனீங்கள்?" என்று அந்த வீட்டுப் பெண் தேத்தண்ணி கொண்டுவந்தார். இரண்டாவது வீட்டிலும் கதிரை, தேத்தண்ணி. மூன்றாவது வீட்டில் பிஸ்கட்டும். கந்தோரிலிருந்து ஒருவர் தங்கள் வீட்டுக்கு வந்ததே அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. ஒரு வீட்டில், "அரசாங்க வேலை எண்டால் அப்பிடித்தான் சொல்லவேண்டி வரும், பிள்ளை என்ன செய்யும்" என்று அவளுக்காகவே பரிந்து பேசினார்கள். டிலோஜினிக்கு அதைக் கேட்டுக்கொண்டு இருக்க முடியவில்லை. ஒன்பதாவது வீட்டில் கோப்பையை வாங்கும்போது தேத்தண்ணி சட்டையில் சிந்தியது. அதற்கும் அந்த வீட்டுப் பெண்ணே துணி கொண்டுவந்து துடைத்துவிட்டார்.

அன்று கடைசியாகப் போன வீடு கரைக்குக் கிட்ட இருந்தது. அங்கே இருந்தவர் செபமாலை என்பவரின் மனைவி. மெலிந்த, வாய்க்குப் பயப்படாத பெண். அவர் கதிரை போடவில்லை. படலையடியில் நின்றபடியே முழுவதையும் கேட்டார்.

"உனக்கு அண்டைக்கே தெரியும்."

"ஓம்."

"நாங்கள் கையெழுத்து வைக்கேக்க பார்த்துக்கொண்டு நிண்டனீ."

"ஓம்."

"நாற்பது வீட்டிலயும் போய் அழுதால் எங்கட வாடி திரும்பி அந்தப் படத்துக்குள்ள வந்திடுமோ? நீ படிச்சது உண்மையெண்டால் சனிக்கிழமை பகல் வா. வந்து எங்கட பரண் எத்தினை, தொட்டி எத்தினை, எந்தப் பரண் எந்த இடத்தில நிக்குது எண்டு அளந்து எழுதிக் கையெழுத்து வைச்சுத் தா. தேத்தண்ணி பிறகு பார்ப்பம்."

அருளம்மா, "ஏனடி உப்பிடிக் கதைக்கிறாய்" என்று தடுக்கப் பார்த்தார். டிலோஜினிக்கோ அன்று முழுவதிலும் முதற்தடவையாக மூச்சு ஒழுங்காக வந்தது.

அதன்பிறகு கந்தோரில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நாற்பத்தொரு பெண்களும் சம்மதத்தை மீளப்பெற எழுதினார்கள். ஒருவருக்கொருவர் சாட்சியாகப் போட்டிருந்தார்கள். பார்க்கவில்லை என்று சொல்கிறவர் இன்னொருவர் பார்க்காததை எப்படிப் பார்த்திருக்கலாம் என்று கேட்டுச் சபை அதைத் திருப்பி அனுப்பியது. ஆனால் அதோடு சேர்த்து அனுப்பிய, டிலோஜினி வாடியை அளந்து எழுதிய கணக்கு கோப்புக்குள் போய்விட்டபடியால், அதற்குப் பதில் எழுதாமல் வேலை தொடங்க முடியாமற் போயிற்று. பதில் எழுத ஒரு குழு இருக்கிறது. மேடை இன்னும் கட்டப்படவில்லை. கட்டமாட்டார்கள் என்று யாரும் சொல்லவும் இல்லை. டிலோஜினியின் நிரந்தர நியமனம் ஒரு வருடத்துக்குத் தள்ளிப்போனது. காரணம் கேட்டதற்கு, பார்வையில் ஆழம் போதாது என்று எழுதி வந்தது. லமினேற் பண்ணிய கடிதத்தைத் தகப்பன் ஒருநாள் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப அலுமாரிக்குள் வைத்தார். அந்த நாள் அவளுக்கு மற்ற எல்லா நாளையும்விடக் கஷ்டமாக இருந்தது.

ஆனால் அந்தச் சனிக்கிழமை அவள் போனாள். காலை எட்டு மணிக்கே கரை வெள்ளையாக எரிந்தது. கட்டாப் பாரையும் சீலாவும் பிளந்து உப்புப் போட்டுப் பரணில் கிடந்தன. ஈ மொய்த்தது. அவள் தையல் நாடாவால் ஒவ்வொரு பரணாக அளந்து அப்பியாசக் கொப்பியில் எழுதினாள். இது ஆருடையது என்று கேட்டு, பெயரையும் எழுதினாள். மத்தியானமாகும்போது முதுகு வியர்த்து, கையெல்லாம் உப்பும் செதிலும் ஒட்டியிருந்தது.

செபமாலையின் மனைவி வந்து கொப்பியை வாங்கிப் பார்த்தார். ஒற்றைகளைப் பிரட்டினார். ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"இதில என்ர பரணைக் குறைச்சுப் போட்டிருக்கிறாய். அந்தத் தலைப்பில நாடா உள்ளுக்கு வழுக்கிக் கிடந்ததை நான் பார்த்தனான். திருப்பி அள."

டிலோஜினி கொப்பியை வாங்கிக்கொண்டு, பரணின் அந்த முனைக்கு நடந்து போய், நாடாவின் நுனியைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து முதலிலிருந்து அளந்தாள்.